64 என்று எழுதினால் தளம் முழுக்க நின்றுவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஏஎஸ்பி (சர்வரில் ஓடி வலைப்பக்கத்தை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் முறை) பக்கம் ஒன்று பெரிய பட்டியலைக் காட்ட மறுக்கிறது, 0251 என்ற எண்ணோடு எரர் வருகிறது என்று தங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். விண்டோஸின் வலை சர்வரான ஐஐஎஸ் அமைப்பில் 'ரெஸ்பான்ஸ் பஃபரிங் லிமிட்' (பக்கத்தை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் பஃபரின் உச்சவரம்பு) என்ற இடத்தில் 4 எம்பி இருக்கும், அதை 64 என்று மாற்றினால் போதும் என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மருந்தின் அளவுதான் ஆபத்தானது.

அந்தப் பெட்டி எம்பியில் கணக்குப் பார்ப்பதில்லை, பைட்டில் பார்க்கிறது. அதில் முதலில் இருக்கும் எண் 4194304. அதை அழித்துவிட்டு 64 என்று எழுதினால் வரம்பு 64 எம்பி ஆகாது, 64 பைட் ஆகும். ஒரு எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் நான்கு வரிகளை எண்ணிப் பாருங்கள். ஆவண வகையைச் சொல்லும் வரி 15 பைட், மொழியோடு கூடிய எச்டிஎம்எல் டேக் 16, ஹெட் டேக் 6, எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் மெட்டா டேக் 22, ஒவ்வொரு வரி முடிவுக்கும் 2. கூட்டினால் 67. பக்கத்தின் தலைப்பு வருவதற்குள் வரம்பு தீர்ந்துவிடும். பெரிய பட்டியல் மட்டும் நின்றுகொண்டிருந்த தளத்தில் இனி முகப்புப் பக்கமும் அதே 0251-ஐக் காட்டும். பதிலைப் பார்த்து மாற்றியவர்கள் அங்கே 67108864 என்று, நடுவில் காற்புள்ளி இல்லாமல், எழுத வேண்டும். இந்தத் திருத்தத்தை மட்டுமாவது உடனே வெளியிடுங்கள்.

எங்கே மாற்றுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ஐஐஎஸ் மேனேஜரில் இடப்பக்கம் சர்வரின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாற்றினால் அந்த மெஷினில் உள்ள எல்லாத் தளங்களுக்கும் மாறிவிடும். சம்பந்தப்பட்ட தளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, 'ஏஎஸ்பி' படத்தைத் திறந்து, 'லிமிட்ஸ் ப்ராப்பர்ட்டீஸ்' என்பதை விரித்தால் அந்த வரி தெரியும். மாற்றியபின் வலப்பக்கம் 'அப்ளை' அழுத்த வேண்டும். அதை மறந்துவிட்டு "மாற்றியும் பலன் இல்லை" என்பவர்கள் ஏராளம்.

இனி, அந்த வரம்பை உயர்த்தத்தான் வேண்டுமா என்ற கேள்வி. பெரும்பாலும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

விண்டோஸ் 2000-இல் வந்த ஐஐஎஸ் 5-இல் இந்தத் தொல்லை இல்லை. பக்கம் முழுவதையும் மெமரியில் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் அனுப்பும் வழக்கம் அங்கேயே இருந்தது, ஆனால் உச்சவரம்பு கிடையாது. விண்டோஸ் சர்வர் 2003-இல் ஐஐஎஸ் 6 வந்தபோது 4 எம்பி என்று கோடு போட்டார்கள். பழைய சர்வரில் ஓடிய பக்கங்களைப் புதிய சர்வருக்கு அப்படியே தூக்கிவைத்தவர்கள் ஒரு வரியும் மாற்றாமல் எரர் வாங்கியது அதனால்தான். உள்ளே வரும் தரவுக்கும் சுமார் 200 கேபி என்று தனியாக ஒரு வரம்பு அதே பதிப்பில் வந்தது. ஃபைல் அப்லோடு தோற்கும்போது பஃபர் வரம்பை உயர்த்திப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது வேறு கதவு, இது வேறு கதவு.

4 எம்பி என்பது கேட்க நிறையத்தான் இருக்கிறது. தமிழில் எழுதும்போது அது எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று பலரும் கணக்குப் போடுவதில்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட்.

எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு பயனாளிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெயர் 20 குறி, தந்தை பெயர் 20 குறி, முகவரி 80 குறி. மொத்தம் 120 குறிக்கு 360 பைட். மீதி ஐந்து கட்டங்களில் எண்கள், அவற்றுக்கு 40 பைட். கட்டம் ஒன்றைத் திறந்து மூடும் டேக்குகளுக்கு 9 பைட் வீதம் எட்டுக் கட்டத்துக்கு 72, வரிசையைத் திறந்து மூட இன்னொரு 9. ஆக ஒரு வரிசைக்கு 481 பைட். சுமார் 8,700 வரிசையில் 4 எம்பி நிறைந்துவிடும். இதே பட்டியலை ஆங்கிலத்தில் எழுதினால் வரிசைக்கு 241 பைட்தான், 17,400 வரிசை வரை தாங்கும். ஆங்கிலப் பக்கம் ஓடுகிறது, தமிழ்ப் பக்கம் மட்டும் விழுகிறது என்றால் தமிழ் ஃபான்ட்டில் கோளாறு என்று தேடிப் போக வேண்டாம். அது வெறும் கூட்டல் கணக்கு.

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் 60 பைட் அளவுக்கு ஸ்டைல் எழுதிவைக்கும் பழக்கம் இன்னொன்று. எட்டுக் கட்டத்துக்கு 480 பைட். உள்ளடக்கத்தின் எடை எவ்வளவோ, அலங்காரத்தின் எடையும் அவ்வளவு. 8,700 வரிசை அங்கேயே பாதியாகிவிடுகிறது. ஸ்டைலை ஒரே இடத்தில் எழுதி டேபிளுக்கு ஒரு பெயர் வைத்தால் இது முழுவதும் மிச்சம். யூடிஎஃப்-8 பரவலாவதற்கு முன்னால் எழுதிய சில தளங்களில் தமிழ் எழுத்தை நேரடியாக வைக்காமல், ஆம்பர்சேண்டில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் எண் வடிவில் வைத்திருப்பார்கள். 'த' என்பதற்கு எண் 2980, முன்பின் குறிகளோடு 7 பைட். மூன்றில் முடிய வேண்டியதற்கு ஏழு.

"பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 600 கேபி என்றுதானே காட்டுகிறது" என்று சிலர் வாதாடுவார்கள். அது சுருக்கி அனுப்பியபின் உள்ள அளவு. பஃபர் வரம்பு சுருக்குவதற்கு முந்தைய அளவைத்தான் பார்க்கிறது. நெட்வொர்க் பகுதியில் இரண்டு அளவுகள் இருக்கும். பெரியதைப் பாருங்கள்.

சரியான வழி, சேர்த்துவைக்காமல் அவ்வப்போது அனுப்பிவிடுவது. வரிசைகளைத் திரும்பத் திரும்ப எழுதும் லூப்புக்குள் ஓர் எண்ணியை வைத்து, 200 வரிசைக்கு ஒருமுறை ரெஸ்பான்ஸின் ஃப்ளஷ் கட்டளையைக் கொடுத்தால், அதுவரை சேர்ந்தது பிரவுசருக்குப் போய் பஃபர் காலியாகும். மேலே பார்த்த பட்டியலில் 200 வரிசை என்பது 96,200 பைட். லட்சம் வரிசை வந்தாலும் பஃபரில் எந்த நேரத்திலும் நூறு கேபியைத் தாண்டி எதுவும் நிற்காது. அதே இடத்தில் பயனர் இன்னும் இணைப்பில் இருக்கிறாரா என்று 'இஸ் கிளையன்ட் கனெக்டட்' மூலம் கேட்டு, இல்லையென்றால் லூப்பை முடித்துவிடுங்கள். பக்கத்தை மூடிவிட்டுப் போனவருக்காக டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

ஃப்ளஷ் போட்டும் அதே எரர் வருகிறது என்று புலம்புகிறவர்களின் புரோகிராம் கோடைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். லூப்புக்குள் எதையும் வெளியே எழுதாமல் ஒரே சரத்தில் (ஸ்ட்ரிங்) ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். லூப் முடிந்தபின் ஒரே ரைட் (எழுதும் கட்டளை), அதன் கீழே ஒரு ஃப்ளஷ். 5 எம்பி சரம் ஒரே தடவையில் பஃபருக்குள் விழும்போதே வரம்பு உடைந்துவிடுகிறது. ஃப்ளஷ் வரிக்குக் கட்டுப்பாடு வந்து சேருவதே இல்லை. ஏஎஸ்பி பக்கங்களை எழுதும் விபிஸ்கிரிப்ட் மொழியில் இப்படி ஒட்டுவது வேகத்தையும் கெடுக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் பழைய சரம் முழுவதும் புதிய இடத்துக்கு நகல் எடுக்கப்படுகிறது. எழுதுவதும் ஃப்ளஷும் இரண்டுமே லூப்புக்குள் இருக்க வேண்டும்.

பஃபரை அடியோடு நிறுத்திவிடுவதையும் சிலர் பரிந்துரைப்பார்கள். எரர் போய்விடும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு சிறு ரைட்டும் தனித்தனியாகக் கிளம்பும், பக்கம் இழுவையாக வரும். அடுப்பிலிருந்து பந்திக்குச் சோற்றைப் பருக்கை பருக்கையாக எடுத்துப் போவதைப் போன்றது அது. வாளி வேண்டும், அண்டாவைத் தூக்க வேண்டாம்.

ஃப்ளஷுக்கும் ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. முதல் ஃப்ளஷ் போன கணமே ஹெடர்கள் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகள்) கையை விட்டுப் போய்விடுகின்றன. அதன்பின் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது, குக்கி வைக்க முடியாது, உள்ளடக்க வகையை மாற்ற முடியாது. முயன்றால் 0156 வரும். மொத்த அளவு முன்கூட்டித் தெரியாததால் டவுன்லோடில் இத்தனை சதவீதம் முடிந்தது என்ற கணக்கும் காட்டாது. இவற்றைவிட மோசமானது, '200, சரி' என்ற நிலை ஏற்கெனவே போய்விட்டது என்பது. ஐந்தாயிரமாவது வரிசையில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் அதை 500 (சர்வர் பிழை) என்று மாற்ற வழியில்லை. பாதிப் பட்டியல் முழுப் பட்டியல்போலவே பயனரிடம் போய்ச் சேரும். அதனால் டவுன்லோடு செய்யும் பட்டியல்களின் கடைசி வரியில் 'மொத்தம் இத்தனை வரிசைகள்' என்று எழுதுங்கள். அந்த வரி இல்லாத ஃபைல் அரைகுறை என்று பெறுபவரே கண்டுகொள்வார்.

ஃபைலை ஏஎஸ்பி வழியாக அனுப்பும் இடத்திலும் இதே 4 எம்பிதான். ஏடிஓ ஸ்ட்ரீம் என்ற கருவியில் ஃபைலை ஏற்றி, முழுவதையும் பைனரிரைட் என்ற ஒரே கட்டளையில் கொடுத்தால் 4 எம்பிக்கு மேற்பட்ட பிடிஎஃப் எதுவும் இறங்காது. 65,536 பைட் வீதம் படித்து, எழுதி, ஃப்ளஷ் செய்தால் இறங்கும். ஆனால் ஸ்ட்ரீமில் ஃபைலை ஏற்றும்போதே அது முழுசாக மெமரிக்கு வந்துவிடுகிறது. 200 எம்பி வீடியோவைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் 2 ஜிபி அங்கேயே போயிற்று. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற ஃபைலை ஸ்கிரிப்ட் வழியாக அனுப்பவே கூடாது. நேரடி இணைப்பு கொடுங்கள், ஐஐஎஸ் பார்த்துக்கொள்ளும்.

வரம்பை உயர்த்துவதன் விலையும் இதே மெமரிதான். ஒரு பக்கத்துக்கு 40 எம்பி தேங்க அனுமதித்து, மாதக் கடைசியில் 50 பேர் அந்த அறிக்கையை ஒன்றாகத் திறந்தால் 2 ஜிபி. பழைய ஆக்சஸ் டேட்டாபேஸின் ஜெட் டிரைவர் 32 பிட் மட்டுமே என்பதால் இத்தகைய தளங்கள் பெரும்பாலும் 32 பிட் ஆப் பூலில் (ஐஐஎஸ் தளத்தை ஓட்டும் ப்ராசஸ்) ஓடுகின்றன. மெஷினில் எவ்வளவு ராம் போட்டாலும் அந்த ப்ராசஸுக்கு 4 ஜிபிக்கு மேல் கிடைக்காது. முன்பு ஒரு பக்கம் மட்டும் விழுந்தது, இப்போது தளமே விழும். கோடைத் தொட முடியாத நிலை, வெளியிலிருந்து வாங்கிய மென்பொருள் என்றால் உயர்த்துவதைத் தவிர வழியில்லை. அப்போதும் 8, 16 என்று ஏற்றிப் பார்த்து நிற்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

ஏஎஸ்பி போலவே சர்வரில் ஓடும் பிஎச்பியில் எழுதுபவர்கள் தங்கள் 'அவுட்புட் பஃபரிங்' அமைப்பில் 4096 இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏஎஸ்பிக்கு 4 எம்பி, நமக்கு 4 கேபிதானா என்று பதறுவதுண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணின் பொருள் வேறு. ஏஎஸ்பியின் எண், நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும் தொட்டி. பிஎச்பியின் எண், நிறைந்தால் தானே வெளியே திறந்துவிடும் தொட்டி. 4096 பைட் சேர்ந்ததும் பிஎச்பி அதைக் கேட்காமலே அனுப்பிவிடும், எரர் இல்லை. ஜாவா சார்ந்த ஜேஎஸ்பியில் இதே தொட்டி இயல்பாகக் குறைந்தது 8 கேபி. தானாகத் திறக்கும் வசதி இயல்பாகவே உண்டு, 'ஆட்டோஃப்ளஷ்' என்பதை வேண்டுமென்றே நிறுத்தினால் மட்டும் நிரம்பும்போது எக்ஸெப்ஷன் (எரர்) வரும்.

அப்படியானால் பிஎச்பியில் தொல்லையே இல்லையா? இருக்கிறது, வேறு முகத்தோடு. 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன' என்ற எச்சரிக்கையைப் பார்க்காத பிஎச்பி எழுத்தாளர் இருக்க மாட்டார். பக்கத்தில் கொஞ்சம் எழுதிவிட்டுப் பிறகு ஹெடரை அனுப்புவது தவறு. ஆனால் 4096 பைட்டுக்குள் இருக்கும்வரை அந்தத் தவறு பஃபருக்குள் ஒளிந்துகொண்டு வேலை செய்யும். மேலே ஒரு அறிவிப்புப் பத்தியைச் சேர்த்த அன்று பக்கம் 4096-ஐத் தாண்டும், லாகின் செய்தபின் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் நிற்கும். தமிழில் 4096 பைட் என்பது 1,365 குறி. இந்தக் கடிதத்தின் தொடக்கப் பத்திகளிலேயே அது தீர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் சோதித்துவிட்டுத் தமிழில் வெளியிடும் பக்கம் இப்படித்தான் முதல் நாளே மானத்தை வாங்குகிறது. பிஎச்பியோடு தரப்படும் மாதிரி ஐஎன்ஐ (அமைப்பு) ஃபைல்களில்தான் 4096 இருக்கிறது. ஐஎன்ஐ ஃபைலே இல்லாத சர்வரில் பஃபரிங் கிடையாது. ஒரு சர்வரில் ஓடியது இன்னொன்றில் ஓடாததற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

கோடுக்குள்ளேயே 'ஓபி ஸ்டார்ட்' மூலம் ஒரு பஃபரைத் திறந்தால் அந்தத் தொட்டிக்கு வாய் கிடையாது. மெமரி தீரும்வரை நிரம்பும். பிஎச்பியின் இயல்பான மெமரி வரம்பு 128 எம்பி, எரரில் 134217728 என்று தெரியும். பெரிய ஃபைலை 'ரீட்ஃபைல்' மூலம் அனுப்பும்போது இந்த எரர் வந்தால் ரீட்ஃபைலைத் திட்டாதீர்கள். அது மெமரியைத் தின்பதில்லை. மேலே எங்கோ திறந்துவைத்த பஃபர்தான் தின்கிறது. எத்தனை அடுக்கு திறந்திருக்கிறது என்பதை 'ஓபி கெட் லெவல்' சொல்லும். அது பூஜ்யம் ஆகும்வரை ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் பிறகு அனுப்புங்கள். நடுவில் துண்டு துண்டாக அனுப்ப நினைத்தால் முதலில் 'ஓபி ஃப்ளஷ்', அடுத்து 'ஃப்ளஷ்'. வரிசை மாறினால் பயனில்லை.

பிஎச்பிக்கும் பிரவுசருக்கும் நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் நின்றால் அதற்கென்று ஒரு பஃபர் தனி. பின்னாலிருக்கும் சர்வர் அனுப்பும் ஹெடர்கள் மட்டும் அடங்க வேண்டிய இடம் 4 அல்லது 8 கேபி. குக்கிகள் அதைத் தாண்டினால் 502 என்ற எரர் வரும், எரர் பதிவில் ஹெடர் மிகப் பெரியது என்று எழுதியிருக்கும். உள்ளடக்கத்துக்கு எட்டுத் துண்டுகள், 4 கேபி வீதம் 32 கேபி. அதற்கு மேல் வருவதை டிஸ்கில் தற்காலிக ஃபைலாக எழுதிக்கொள்ளும். டிஸ்க் நிறைந்திருந்தாலோ, என்ஜின்எக்ஸ் ஓடும் பயனர் பெயரை மாற்றிவிட்டுத் தற்காலிக ஃபோல்டரின் உரிமையை மாற்ற மறந்திருந்தாலோ, சின்னப் பக்கங்கள் ஒழுங்காக வரும், பெரியவை சில பத்து கேபியில் வெட்டுப்பட்டு நிற்கும். பிஎச்பியில் ஃப்ளஷ் செய்தும் பிரவுசரில் எல்லாம் கடைசியில்தான் வருகிறது என்றால் இங்கேதான் தேங்குகிறது. அந்த ஒரு பதிலுக்கு மட்டும் 'எக்ஸ்-ஏக்செல்-பஃபரிங்' என்ற ஹெடரில் 'நோ' என்று அனுப்பினால் தேக்கம் நீங்கும். சர்வர் முழுவதற்கும் நிறுத்த வேண்டாம்.

மறுபடி உங்கள் வாசகரின் பட்டியலுக்கு வருவோம். திரையில் எட்டாயிரம் வரிசையை ஒருவரும் படிக்கப் போவதில்லை. பக்கத்துக்கு 100 வீதம் பிரித்துக் காட்டினால் 48 கேபி, பஃபர் பேச்சே எழாது. முழுப் பட்டியல் தேவைப்படுகிறவருக்கு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள்) ஃபைலாக டவுன்லோடு கொடுங்கள், 200 வரிசைக்கு ஒரு ஃப்ளஷோடு. எச்டிஎம்எல் டேபிளையே எக்செல் என்று பெயர் மாற்றி அனுப்பும் பழைய தந்திரம் வேண்டாம். டேக்குகளின் எடை அப்படியே தொடரும், திறக்கும்போது ஃபைல் வகை பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரிக்கவும் செய்யும். சிஎஸ்வியின் முதல் மூன்று பைட்டாக யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் பிஓஎம் குறியை எழுதுங்கள், இல்லாவிட்டால் இரட்டை கிளிக்கில் திறக்கும் எக்செல் தமிழைக் கிறுக்கலாகக் காட்டும். பிஎச்பி கோடு ஃபைலின் தலையில் இதே மூன்று பைட் ஒட்டிக்கொண்டால் பஃபரிங் இல்லாத சர்வரில் ஹெடர் எச்சரிக்கை வரும். பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே அது ஒட்டிக்கொள்ளும்.

ஐஐஎஸ் 7-க்குப் பின் 0251 என்ற எண் பிரவுசரில் தெரியாமலும் போகலாம், 'சர்வரில் பிழை, நிர்வாகியை அணுகவும்' என்று மட்டும் வரும். அப்போது ஐஐஎஸ் பதிவு ஃபைலில் 0251-ஐத் தேடச் சொல்லுங்கள். வரி எண் பூஜ்யம் என்று இருக்கும். கோடில் பூஜ்யமாவது வரியைத் தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வலைத்தளப் பராமரிப்பில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்